‘மியூச்சுவல்’ போடும் முன்

இருபது ரூபாய் பத்திரத்தில் “இனி உனக்கும் எனக்கும் சம்பந்தமில்லை” என்று எழுதி, ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரையும் விழுந்துவிட்டால் விவாகரத்து முடிந்தது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முடியவில்லை. சாதி வழக்கப்படி தீர்த்துக்கொள்வதற்குச் சட்டத்தில் இடம் உண்டுதான். ஆனால் அப்படியொரு வழக்கம் இருப்பதைக் கோர்ட்டில் நிரூபித்தாக வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் மறுமணம் குற்றமாகிவிடும். ஏழு ஆண்டு வரை சிறை.

சண்டை போடாமல் பிரிய நேரான வழி இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தில் 1976-இல் சேர்க்கப்பட்ட 13பி பிரிவின்படி, ஓராண்டு பிரிந்து வாழ்ந்தவர்கள் சேர்ந்து மனுப் போடலாம். இதைத்தான் ‘மியூச்சுவல்’ என்கிறார்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கணவன் மனைவியாக வாழாமல் இருந்தாலும் அது பிரிவுதான். கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டாண்டு கேட்கிறது. முதல் மனுவுக்குப் பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் அதைத் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லிவிட்டது. தீர்ப்பு வரும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு.

பேசித் தீர்க்க இடமும் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 முதலே சமரச மையம் இயங்குகிறது. சமரசர் தீர்ப்புச் சொல்வதில்லை. இருவரையும் தனித்தனியாகவும் கேட்கிறார். அங்கே பேசியதை நாளை கோர்ட்டில் சாட்சியமாக்க முடியாது.

சிக்கலெல்லாம் ஒப்பந்தத்தில்தான். “முதலில் கேஸை வாபஸ் வாங்கு, பணம் பிறகு” என்றால் சம்மதிக்காதீர்கள். ஒரு பகுதி முதல் மனுவின்போது, மீதி இறுதி விசாரணை நாளில் நீதிபதி முன்னிலையில் டிமாண்ட் டிராஃப்ட்டாக என்று எழுதுங்கள். வரதட்சணைக் கொடுமை வழக்கை மனைவி நினைத்தால் மட்டும் முடித்துவிட முடியாது. உயர் நீதிமன்றம்தான் ரத்து செய்ய வேண்டும். அதற்கு யார், எப்போது ஒத்துழைப்பது என்பதும் தாளில் இருக்கட்டும். பெண்ணுக்குப் போட்ட நகை பெண்ணுடையது, பேரம் பேச வேண்டிய பொருளே அல்ல. எத்தனை பவுன், என்னென்ன உருப்படி என்று பட்டியல் போட்டு வாங்குங்கள். பிள்ளையை எந்தக் கிழமை யார் கூட்டிப்போவது, தீபாவளிக்கு எங்கே, பள்ளிக் கட்டணம் யார், பாஸ்போர்ட்டுக்குக் கையெழுத்து யார்? இவை விட்டுப்போனால் இரண்டே வருடத்தில் மறுபடி கோர்ட் படிதான். பிள்ளைக்கான ஜீவனாம்சத்தை அம்மா எழுதிக்கொடுத்துவிட்டாலும் பிள்ளையின் உரிமை போகாது.

செலவு மிச்சம் என்று ஒரே வக்கீலை வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. பெரும்பாலும் அவர் யாராவது ஒருவர் வீட்டுக்குத் தெரிந்தவராகவே இருப்பார்.

அடி உதை நடக்கும் வீட்டுக்கு இந்த வழி பொருந்தாது. பயத்தில் தலையாட்டுவது சம்மதமாகாது. அங்கே முதலில் தேவை 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு உத்தரவு, 181-இல் அழைக்கலாம்.

பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் கிடைப்பார். சட்ட உதவி எண் 15100. கையெழுத்துப் போடும் முன், எதிர்த்தரப்போடு தொடர்பில்லாத ஒரு வக்கீலிடம் அந்த வரைவைக் காட்டிவிடுங்கள்.