அரைச் சதத்துக்கும் கணக்கு இருந்தது

ஊவா மலைகளின் தலையெழுத்தைத் தொட்ட இரண்டு காரியங்கள் 1869ஆம் ஆண்டில் நடந்தன. மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூளாக ஒரு நோய் கண்டது. அடுத்த இருபது வருடத்தில் இலங்கைக் கோப்பியையே அது அழித்துவிட்டது. அதே ஆண்டில் இந்திய ரூபாய் இலங்கையின் நாணயமானது. 1872 ஜனவரியிலிருந்து அந்த ரூபாய்க்கு 100 சதம். இந்தியா 1957 வரை அணாவும் பைசாவுமாகக் கணக்குப் பார்த்தது. அங்கிருந்து இங்கே மலையேறி வந்த சனமோ அதற்கு எண்பத்தைந்து வருடம் முன்பே சதத்தில் எண்ணப் பழகிவிட்டது.

கோப்பிக் காலம் முழுக்கச் சில்லறைப் பஞ்சம். கொழும்பில் கோப்பிக்கொட்டை பொறுக்கிய பெண்களுக்குக் கூலி கொடுக்கக் காசில்லாமல், ஜார்ஜ் ஸ்டூவர்ட் போன்ற கம்பெனிகள் சொந்தமாக வில்லைகள் அடித்துக் கொடுத்தன. ஒரு பென்னியில் பதினாறில் ஒரு பங்கு பெறுமதியான கால் பார்திங் காசை இலங்கைக்காகவே 1839இல் லண்டனில் அடித்தார்கள். பிரித்தானியப் பென்னிக் கணக்கில் அதைவிடச் சின்னப் பெறுமதிக்குக் காசு அடித்ததே இல்லை. இங்கே கூலி அவ்வளவு அற்பமாக இருந்தது.

1870 என்று ஆண்டு பொறித்த முதல் சதக்காசுகள் செம்பு: கால், அரை, ஒன்று, ஐந்து. ஒரு பக்கம் விக்டோரியா ராணியின் தலை. மறுபக்கம் நடுவில் ஒரு பனை, அதன் இரு புறமும் சிங்களமும் தமிழும். 1948இல் தோட்டத் தமிழரின் பிரசாவுரிமையைப் பறித்த நாட்டில், அவர்கள் கையில் புழங்கிய காசில் அவர்களுடைய எழுத்து அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே இருந்தது. இதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

1909இல் மூலை மழுங்கிய சதுர ஐந்து சதம் வந்தது. ராத்திரியில் விளக்கில்லாத தோட்டத் தொழிலாளர் லயத்திலும் விரலால் தடவியே அதை அடையாளம் காணலாம்.

சில்லறையின் உண்மையான கனம் சம்பளத்தில்தான் தெரியும். 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1929இல் குறைந்தபட்சக் கூலி நடைமுறைக்கு வந்தபோது, மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. காலை ஆள்கணக்கெடுக்கும் ஒரே பெரட்டில் நின்று, ஒரே மலையில் ஏறி, பெண்ணுக்கு நாளுக்குப் பதினொரு சதம் குறைவு. இருபத்தைந்து நாள் வேலைக்குப் பேர் போட்டால் மாதத்தில் 2 ரூபாய் 75 சதம் துண்டு விழும். அவளுடைய ஆறு நாள் உழைப்புக்கும் மேலான தொகை அது. அரை நாளாகக் கணக்கிட்டு அரைப்பேர் விழுந்தால் 43இல் பாதி இருபத்தொன்றரைச் சதம். அந்த அரைச் சதமும் அவளுக்குக் கணக்குத்தான். தோட்டம் கொடுத்த அரிசிக்குச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது போக மிஞ்சியதுதான் முந்தானை முடிச்சுக்கு வந்தது. ஆள் திரட்டி வந்த பெரிய கங்காணிக்கோ வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் பென்ஸ்காசு சேர்ந்துகொண்டிருந்தது. கடனைச் சுமத்தி ஆளைக் கட்டிவைத்த துண்டு முறையைச் சட்டம் ஒழித்ததே 1921இல்தான்.

அப்புறம் காசு மெல்ல மெலிந்தது. கால் சதம் 1904ஓடும் அரைச் சதம் 1940ஓடும் நின்றன. யுத்த காலத்தில் பித்தளை நிறத்தில் இரண்டு சதமும் பத்துச் சதமும் வந்தன, விளிம்பு வளைவு வளைவாக. 1963இல் ஒரு சதமும் இரண்டு சதமும் அலுமினியமாயின. ஆண்-பெண் கூலி வித்தியாசம் ஒழிய 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2024இல் அடிப்படைக் கூலி 1,350 ரூபாய் ஆனது. இன்று பசறையிலோ பண்டாரவளையிலோ எந்தக் கடையிலும் சதத்துக்கு ஒரு சாமான் கிடையாது.

பாட்டிமார் டப்பாவில் போட்டுவைத்த பழைய சதங்களைப் பித்தளை வியாபாரியிடம் நிறுத்துப் போடாதீர்கள். பழைய சம்பளத் துண்டு ஒன்று கிடைத்தால் அதோடு சேர்த்து, பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் கொடுங்கள். 43 சதத்துக்கு உழைத்தவள் யார் என்பதை, அவளைத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள்.