ஃபோர்டு போச்சு, அப்பாவோட ஃபிகோ போகலை
2021 செப்டம்பர் 9. இந்தியாவுல கார் தயாரிப்பை நிறுத்துறோம்னு ஃபோர்டு அறிவிச்ச நாள். மறுநாளே ஸ்ரீவைகுண்டத்துல பக்கத்து வீட்டு மாமா எங்க அப்பாகிட்ட வந்துட்டாங்க: “அண்ணாச்சி, கம்பெனியே போகுது. ஃபிகோவை வந்த விலைக்குத் தள்ளிருங்க.”

ஃபோர்டு போறது இது ரெண்டாவது தடவை. 1926ல வந்து, 1950கள்ல கிளம்பினாங்க. 1995ல மஹிந்திராவோட கைகோத்து திரும்பினாங்க. ஐகான், ஃபிகோ, ஈகோஸ்போர்ட் எல்லாம் மறைமலை நகர் ஆலையில செஞ்ச வண்டிகள். ஆனா பத்து வருஷத்துல 200 கோடி டாலருக்கு மேல நஷ்டம்.

நிறுத்தினது தயாரிப்பைத்தான். சர்வீஸும் ஸ்பேர் பார்ட்ஸும் தொடரும்னு அப்பவே சொல்லிட்டாங்க. நம்ம ஐடி பாஷைல, புது வெர்ஷன் வராது, சப்போர்ட் உண்டு. உண்மையான அடி அந்த ஆலைத் தொழிலாளர்களுக்குத்தான். விலை இறங்கினா கவலை விக்கிறவங்களுக்கு. அப்பா விக்கலை. இன்னைக்கும் அதே ஃபிகோவுலதான் திருநெல்வேலி போயிட்டு வர்றாங்க.