போகும்போது வெறும் வண்டிதானே!

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு இது புதிய காட்சி அல்ல. காலையில் ஷட்டரைத் தூக்கினால் படிக்கட்டில் ஓர் அட்டைப்பெட்டி, உள்ளே நாலைந்து நாய்க்குட்டிகள். கடைக்கு நாலு பேர் வருவார்கள், யாராவது எடுத்துப் போவார்கள் என்று நினைத்து இரவோடு இரவாக யாரோ வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். பெட்டியில் பெரும்பாலும் பெட்டைக் குட்டிகள்தான். ஆண் குட்டியைக் கேட்டு வருபவர் உண்டு, பெட்டையைச் சீந்துவாரில்லை.

நமது கிடங்கில் ஒரு தாய் நாய் ஐந்து குட்டி போட்டது. வெயிலுக்கு அவை லாரியின் அடியில் போய்ப் படுக்கும். ஒருநாள் சரக்கு இறக்கிவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்ததில் இரண்டு குட்டிகள் சக்கரத்தில் போயின. டிரைவரைக் குறை சொல்ல முடியாது, யாரும் குனிந்து பார்க்கவில்லை. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும் சாலைகளிலும் இதே ஆபத்துதான். இப்போது கிளீனர் இறங்கி அடியில் பார்த்த பிறகே நமது கிடங்கிலிருந்து வண்டி கிளம்பும்.

மிச்சம் மூன்றும் பெட்டை. விஷயம் கேள்விப்பட்டு, இந்தத் தொண்டைச் செய்துவரும் இரண்டு கல்லூரிப் பெண்கள் வந்தார்கள். உடனே தூக்கிக்கொண்டு போவார்கள் என்று நினைத்தோம். "எட்டு வாரமாவது தாயோடு இருக்கட்டும் ஐயா, அதற்குள் வீடு பார்க்கிறோம்" என்றார்கள். கேட்டு வருபவர்களுக்கெல்லாம் கொடுப்பதில்லையாம். வீட்டைப் போய்ப் பார்த்து, பிறகும் போன் போட்டு விசாரிப்பார்களாம். கடன் கொடுக்குமுன் நாம் பார்ப்பதைவிட அதிகமாகவே பார்க்கிறார்கள்!

செங்குன்றத்துக்கு அப்பால் தோப்பு வைத்திருக்கும் ஒரு குடும்பம் இரண்டு குட்டிகளை ஏற்றது. கொண்டுபோவதற்குத்தான் திண்டாட்டம். குட்டி என்றதும் ஆட்டோக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். நமது சின்ன வண்டியோ அரிசி ஏற்றச் செங்குன்றம் போகிறது. வரும்போது மூட்டை, போகும்போது வெறும் வண்டிதானே! தக்காளி கிரேட்டில் கோணி விரித்து, வாந்தி எடுக்காமலிருக்கப் புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே தீனியை நிறுத்தி, ஒரு பெண் கூடவே உட்கார்ந்து போய்ச் சேர்ந்தார்கள். நமக்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை.

சென்னையில் இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1959இல் விமானி கேப்டன் சுந்தரம், மழை வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு குட்டிகளை வீட்டுக்கு எடுத்துவந்தார். அங்கே தொடங்கியதுதான் புளூ கிராஸ். தெருநாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்து விடலாம் என்று அவர்கள் 1964லேயே சொன்னார்கள். மாநகராட்சி அந்த வழிக்கு வர முப்பது வருஷம் ஆயிற்று. 2018 கணக்கெடுப்பில் சுமார் 57 ஆயிரமாக இருந்த தெருநாய்கள் 2024இல் 1.8 லட்சம். நாலு குட்டிக்கு வீடு தேடுவதற்குள் நாற்பது பிறந்துவிடுகின்றன. ஆகவே தாயைக் கவனிக்காமல் குட்டியை மட்டும் அனுப்புவது ஓட்டைச் சாக்கில் பருப்பு அளப்பதுபோல. நமது கிடங்குத் தாய்க்கும் கருத்தடை செய்து, காதில் அடையாள வெட்டோடு கொண்டுவந்து விட்டார்கள்.

"பிடித்த நாயைத் திரும்ப ஏன் விடுகிறார்கள்?" என்று சில அங்கத்தினர்கள் கோபப்படுகிறார்கள். கடிபட்டவர்களின் கோபம் நியாயமே. ஆனால் இருக்கும் நாயை அப்புறப்படுத்தினால், குப்பையும் மீன்கழிவும் கிடக்கும் தெருவுக்கு ஊசி போடாத வேறு நாய் வந்துவிடும்.

பெட்டியில் குட்டி கிடந்தால் ஒன்று கவனியுங்கள். வாந்தியும் ரத்தக் கழிச்சலும் இருந்தால் பார்வோ நோயாக இருக்கலாம். மற்ற குட்டிகளைப் பிரித்துவிட்டு, தாமதிக்காமல் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கிருமி தரையில் மாதக்கணக்கில் இருக்கும், பினாயிலை நம்ப வேண்டாம். பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவுங்கள், அது நம் கடையிலேயே இருக்கிறது. பால் பிஸ்கட்டை அள்ளிப் போடுவதையும் நிறுத்துங்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பச்சிளங்குட்டிக்கு வேறெதுவும் வேண்டாம், தாய்க்குச் சோறு போட்டால் போதும்.

மூன்றாவது குட்டிக்கு இன்னும் வீடு கிடைக்கவில்லை. முதல் ஊசி போட்டாகிவிட்டது, மூன்று மாதம் முடிந்ததும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டும். இதற்கிடையில் சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். செங்குன்றம், பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் வெறும் வண்டி அனுப்பும் அங்கத்தினர்கள் கிழமையையும் நேரத்தையும் அதில் எழுதி வைக்கவும்.