தட்டும் மாத்திரையும் – 11: கழக்கூட்டத்தில் ராத்திரிச் சாப்பாடு

திருவனந்தபுரத்துக் கழக்கூட்டம் பைபாஸ் ஓரம் ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் களைகட்டும். 1990-இல் டெக்னோபார்க் ஐடி வளாகம் வந்ததிலிருந்து ஊரின் பசி நேரமே மாறிப்போனது. ஷிஃப்ட் முடிந்து தட்டுக்கடையில் ஒதுங்குகிறவர்களில் நாகர்கோவில், மார்த்தாண்டம் பிள்ளைகளும் உண்டு. மருந்துக்கடைக்குப் போனால் ‘மூளைக்கு’ என்று விற்கிற டப்பாக்கள் வரிசைகட்டி நிற்கும்: மீன் எண்ணெய், பிரம்மி, அஸ்வகந்தா, மஞ்சள் கேப்சூல். மனநல மாத்திரை சாப்பிடுகிறவர் இதில் எதை வாங்கலாம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ராத்திரி என்ன சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடுகிறார் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

லுராசிடோனை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கிசோஃப்ரீனியாவுக்கும் பைபோலார் நோயின் மனச்சோர்வுக்கும் தருவது. குறைந்தது 350 கலோரி சாப்பாட்டோடு போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் ரத்தத்தில் சேர்வது ஏறக்குறைய பாதிதான். எடை கூடிவிடும் என்று பயந்து ரெண்டு மேரி பிஸ்கட்டும் ஒரு கட்டன் சாயாவுமாக ராத்திரியை முடிப்பவருக்கு நூறு கலோரி தேறினால் பெரிது. மாதக்கடைசியில் “மருந்து கேக்கல டாக்டர்” என்பார். டோஸ் ஏறும். நாலு இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னியில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம்.

லித்தியம் இன்னும் நுணுக்கமானது. சிறுநீரகம் அதை உப்பின் சோடியத்தைப் போலவே நடத்துகிறது. உடம்பில் உப்பு குறைந்தால் சோடியத்தை இறுக்கிப் பிடிக்கும். கூடவே லித்தியமும் தங்கிவிடும். ஆஸ்திரேலியாவில் மனநல மருத்துவர் ஜான் கேட் லித்தியத்தை மனநோய்க்கு மருந்தாக அறிவித்தது 1949-இல். அதே வருஷம் அமெரிக்காவில் இதய நோயாளிகள் உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடைச் சாப்பாட்டில் தூவிச் சாப்பிட்டார்கள். சிலர் செத்தும் போனார்கள். அந்த உப்பைச் சந்தையிலிருந்து எடுத்தார்கள். ரத்தத்தில் இருக்கவேண்டிய அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல். 1.5-ஐத் தாண்டினால் கை நடுக்கம், பேதி, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் என்று ஆரம்பிக்கும். மருந்துக்கும் விஷத்துக்கும் இடைவெளி அவ்வளவு குறைவு.

ஆகவே வீட்டில் யாருக்கோ பிரஷர் என்று குடும்பமே திடீரென உப்பைக் குறைத்தால், லித்தியம் எடுப்பவர் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பெண்கள் கூடிப் பொங்கலிடும் ஆற்றுகால் பொங்காலை இன்னொரு உதாரணம். கும்ப மாதத்து வெயில், விரதம், அடுப்புப் புகை, மணிக்கணக்காக வேர்வை. லித்தியம் எடுக்கும் பெண் போகக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். முன்கூட்டியே டாக்டரைக் கேட்டுவிட்டு, தண்ணீரையும் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரையும் கையோடு வைத்துக்கொள்ளட்டும். மறுநாள் உடம்புவலிக்கு டைக்ளோஃபெனாக்கோ இப்யூபுரூஃபனோ வாங்கிப் போடக் கூடாது. அவை லித்தியத்தை ஏற்றிவிடும். காபி அதற்கு நேர்மாறு: லித்தியத்தைக் குறைக்கும். தினமும் ஆறு கப் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் அளவு ஏறும்.

இனி டப்பாக்கள். மஞ்சள் கேப்சூலின் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘பைபரின்’ என்று இருக்கும். மிளகின் சத்து, மஞ்சளை உடம்பு உறிஞ்சுவதற்காகச் சேர்ப்பது. மஞ்சளோடு நிற்காது. வலிப்பு மருந்துகளான ஃபெனிட்டாயின், கார்பமசெபைன் அளவையும் அது உயர்த்துவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ரசத்து மிளகுக்குப் பயப்பட வேண்டாம், செறிவூட்டிய கேப்சூல் வேறு சமாச்சாரம். அஸ்வகந்தா தூக்க மாத்திரையின் மயக்கத்தைக் கூட்டும், தைராய்டைத் தொடும், சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கிறது. ஆன்லைனில் வரும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகையை மனச்சோர்வு மாத்திரையோடு சேர்க்கவே கூடாது.

இவ்வளவும் டாக்டர் காதுக்குப் போகாததற்குக் காரணம் வெட்கம். இங்கே ‘ஊளம்பாறை’, நம் பக்கம் ‘கீழ்ப்பாக்கம்’. மனநல ஆஸ்பத்திரி இருக்கும் இடத்தின் பெயரையே கேலிப்பேச்சாக்கி வைத்திருக்கிறோம். அப்புறம் எப்படி ஒருவன் அறைத்தோழன் முன்னால் மாத்திரைப் பட்டையைப் பிரிப்பான்? ‘வைட்டமின்’ என்பான். கொஞ்ச நாளில் நிஜ மாத்திரையை விட்டுவிட்டு வைட்டமினையே தொடர்கிறவர்களும் உண்டு.

உணவால் பலனே இல்லையா? இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா குழு 67 மனச்சோர்வு நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2017-இல் வெளியானது. 12 வாரம் காய்கறி, பருப்பு, முழுதானியம், மீன் என்று சாப்பாட்டைத் திருத்தியவர்களில் சுமார் 32 சதவீதம் பேர் நோய் அறிகுறிகளிலிருந்து மீண்டார்கள். பேச்சுத்துணை மட்டும் கிடைத்தவர்களில் 8 சதவீதம். சின்ன ஆய்வுதான். அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே எடுத்துவந்த சிகிச்சையோடுதான் இதையும் செய்தார்கள் என்பதை மறக்க வேண்டாம். மீன் எண்ணெய்க் குப்பிக்குக் கொடுக்கிற காசில் குடம்புளி போட்ட சாளைக் கறி பல நாளைக்கு வரும். ஒமேகா-3 அதிலும் இருக்கிறது. பி12, டி வைட்டமின்களை ரத்தப் பரிசோதனையில் குறைவு தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். எடைக்காக மெட்ஃபார்மினும் எடுப்பவர்கள் பி12-ஐ அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது. எதை வாங்கினாலும் டப்பாவின் பின்பக்கத்தை போனில் படம் பிடித்து, அடுத்த முறை டாக்டரிடம் காட்டுங்கள்.

(அடுத்த வாரம்: ஓலான்சபைன் தரும் பசி)