அங்கத்தின் தோற்றமும் மனத்தின் மதிப்பீடும்

பெண்ணொருத்தி தன் பிறப்புறுப்பின் தோற்றத்தைப் பற்றிக் கொண்டிருக்கும் அபிப்பிராயத்தை எண்களால் அளக்க முடியுமா என்று ஐயுறுவோர்க்கு, அமெரிக்காவின் இந்தியானா சர்வகலாசாலையைச் சேர்ந்த டெபி ஹெர்பெனிக், மைக்கேல் ரீஸ் இருவரும் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட வினாத்தொகுதி தக்க விடையாகும். அதிலுள்ளவை ஏழே வாக்கியங்கள். தோற்றம் திருப்தி அளிக்கிறதா, மணம் இயல்பாகத் தோன்றுகிறதா, உறுப்பு செவ்வனே இயங்குகிறதா, துணைவர் காணவோ வைத்தியர் பரிசோதிக்கவோ கூச்சமின்றி இடங்கொடுக்க இயலுமா என்றெல்லாம் ஆராயும் அவை ஒவ்வொன்றுக்கும், உடன்பாடு சற்றுமில்லை என்பது முதல் முற்றிலும் உண்டு என்பது வரை நான்கு படிகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டும். கூட்டுத்தொகை 7க்குக் குறையாது, 28ஐத் தாண்டாது.

வைத்தியரைப் பற்றிய வினாவையே நான் தலையாயதாகக் கருதுகிறேன்; லஜ்ஜையால் பரிசோதனையைத் தள்ளிப்போடும் பெண்ணுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயின் ஆரம்பக் குறிகள் புலப்படாமலே போய்விடக்கூடும்.

அந்த லஜ்ஜைக்குத் தேகத்தில் ஆதாரம் உண்டா? லண்டனில், வேறு சிகிச்சைக்காக மயக்கமருந்து பெற்றிருந்த 50 பெண்களை அவர்கள் சம்மதத்துடன் அளந்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், உள்ளிதழ்களின் நீளம் 20 மில்லிமீட்டர் முதல் 100 வரையிலும், அகலம் 7 முதல் 50 வரையிலும் வேறுபட்டிருக்கக் கண்டனர். பெரும்பாலோருக்கு நிறமும் சுற்றியுள்ள தோலினும் கருமையாகவே இருந்தது. இயற்கையே இத்தனை வேற்றுமையை வகுத்திருக்க, ஒரேவித வடிவத்தையே காட்டும் படங்களைக் கண்டு, நோயேதுமற்ற இளம் பெண்கள் சத்திரசிகிச்சையை நாடுவது எனக்குப் பெருந்துயரம் தருகிறது. வளர்ச்சி முற்றுப்பெறாத 18 வயதுக்கு உட்பட்டோருக்கு இச்சிகிச்சையைச் சாதாரணமாக அளிக்கலாகாது என்று பிரிட்டனின் மகப்பேறு, மகளிர் மருத்துவ ராயல் கல்லூரி 2013இல் கருத்துரைத்தது.