பிரேக்கில் கால் இருக்கும்போது

2015 ஆகஸ்டில், பாலியல் நாட்டம் குறைந்த பெண்களுக்கான ஃபிளிபான்செரின் என்ற மாத்திரைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி தந்ததும், ‘பெண்களுக்கான வயாக்ரா வந்துவிட்டது’ என்று செய்திகள் பறந்தன. அந்தப் பட்டமே தவறு. வயாக்ரா ரத்த ஓட்டத்தைக் கூட்டும் மருந்து, வேண்டும்போது விழுங்கலாம். ஃபிளிபான்செரின் மூளையில் செரடோனின், டோபமின் சமநிலையை மாற்றுவது. தினமும் இரவில் சாப்பிட வேண்டும். கிடைத்த பலன், போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட மாதத்துக்கு அரை முதல் ஒரு முறை கூடுதலாகத் திருப்தியான உறவு. கூடவே தலைசுற்றல், ரத்த அழுத்தச் சரிவு, மது குடித்தால் மயங்கி விழும் ஆபத்து. இவ்வளவு சிறிய பலனுக்கு அவ்வளவு பெரிய தலைப்பு கூடாது.

ஆசையைப் பற்றிய ஆய்வின் பழைய கதை சுருக்கமாக: 1966இல் மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் உடல் கிளர்ச்சியின் படிகளை வரைந்தார்கள். அதில் விழைவு என்ற படியே இல்லை. 1970களில் பாலியல் சிகிச்சையாளர் ஹெலன் சிங்கர் கப்லான் அதைச் சேர்த்தார்.

உண்மையில் அழகான யோசனை அமெரிக்காவின் கின்சி பாலியல் ஆய்வு நிறுவனத்திலிருந்து வந்தது. ஜான் பான்கிராஃப்ட், எரிக் யான்சென் இருவரின் கருத்துப்படி, மூளையில் பாலியல் தூண்டலுக்கு ஓர் அமைப்பும் தடுப்புக்குத் தனியாக இன்னோர் அமைப்பும் உண்டு. ஒன்று ஆக்சிலேட்டர், மற்றது பிரேக். இரண்டின் கூர்மையும் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்குப் பிரேக் லேசாகத் தொட்டாலே பிடிக்கும். சிலருக்கு ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தால்தான் வண்டி நகரும். ஹேண்ட் பிரேக் போட்டிருக்கும் வண்டியில் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இன்ஜின் இரையும், புகை வரும், வண்டி நகராது. பெட்ரோல் சரியில்லை என்று பங்க்கைக் குறை சொல்லிப் பயனில்லை. இன்ஜினைப் பிரித்துப் பார்த்தாலும் பழுது இருக்காது. பிரேக்கை விடுவிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பிரேக்கை மிதிப்பது எது? சிந்தியா கிரஹாமும் சக ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வில் பெண்களைக் குழு குழுவாக உட்காரவைத்துக் கேட்டார்கள். தன் உடலைப் பற்றிய கூச்சம், கர்ப்பமாகிவிடுவோமோ என்ற பயம், ஊர் என்ன பேசும் என்ற கவலை, துணை தன்னை விரும்புகிறாரா, பயன்படுத்திக்கொள்கிறாரா என்ற சந்தேகம் ஆகியவை பதில்களாக வந்தன. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மாத்திரை கிடையாது.

2022இல் வெளியான இன்னோர் ஆய்வு வீட்டுக்குள்ளேயே போனது. ஆண் துணையோடு வாழும், குழந்தைகள் உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் கேட்டதில், வீட்டு வேலையின் பெரும்பங்கைச் சுமப்பவர்களுக்குக் கணவர் அல்லது துணை மீதான நாட்டம் குறைவாக இருந்தது. வேலைப் பங்கீடு அநியாயம் என்ற எண்ணமும், துணையையும் இன்னொரு குழந்தையாகப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்ற உணர்வும் இடையில் நின்றன. பாத்திரம் கழுவினால் ஆசை பெருகும் என்று இது நிரூபிக்கவில்லை. பெண்களே சொன்ன பதில்களில் தெரிந்த தொடர்பு இது. எது காரணம், எது விளைவு என்று இதிலிருந்து அறுதியிட முடியாது. ஆனாலும் ‘குறை அவளிடம்தான்’ என்று சீட்டு எழுதுவதற்கு முன் மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வியை இது தருகிறது.

கனடாவின் ரோஸ்மேரி பாசன் 2000இல் சொன்னதும் ஆறுதலானது. நீண்ட கால உறவில் பல பெண்களுக்கு ஆசை முதலில் வருவதில்லை. நெருக்கமும் தொடுகையும் தொடங்கிய பிறகே வருகிறது. தானாக ஆசை எழவில்லை என்பது நோய் அல்ல.

உடற்காரணங்களும் உண்டு: உறவின்போது வலி, மாதவிடாய் நின்றபின் வறட்சி, சில மனச்சோர்வு மருந்துகள். மருந்து தொடங்கிய பிறகு நாட்டம் குறைந்திருந்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்; அளவையோ மருந்தையோ மாற்ற வழி இருக்கிறது.