செலிபி (போகிமான்)

செலிபி என்பது போகிமான் நிகழ்பட விளையாட்டுத் தொடரில் வரும் ஒரு கற்பனை உயிரி ஆகும். காட்டைக் காக்கும் சிறுதெய்வமாகவும், காலத்தைக் கடந்து செல்லும் ஆவியாகவும் இது படைக்கப்பட்டுள்ளது. ஜப்பானிய மொழியில் இதன் பெயர் செரெபி. 1999 நவம்பர் 21 அன்று ஜப்பானில் கேம் பாய் கருவிக்காக வெளிவந்த 'போகிமான் கோல்டு', 'போகிமான் சில்வர்' ஆகிய விளையாட்டுகளில் இது அறிமுகமானது. விளையாட்டின் உயிரினப் பட்டியலில் இதன் எண் 251.

விளையாட்டின் அமைப்பு

போகிமான் விளையாட்டைக் கேம் ஃபிரீக் நிறுவனம் உருவாக்கியது, நின்டெண்டோ வெளியிட்டது. விளையாடுபவர் ஊர் ஊராக நடந்து, புல்வெளியிலும் குகையிலும் நீரிலும் எதிர்ப்படும் உயிரிகளைப் பந்தில் பிடித்து, பழக்கி, பிறருடைய உயிரிகளோடு போட்டியிட வைக்க வேண்டும். 1996இல் வந்த முதல் விளையாட்டில் 151 உயிரிகள் இருந்தன. கோல்டு, சில்வர் விளையாட்டுகளில் மேலும் 100 சேர்ந்தன. அந்த நூறில் கடைசியாக வைக்கப்பட்டது செலிபி.

அரிய போகிமான்களில் இரண்டு வகை உண்டு. பழங்கதைகளில் பேசப்படும் வலிமை மிக்கவை ஒரு வகை. இவற்றை விளையாட்டுக்குள் முயன்றால் சந்திக்கலாம். மற்றொரு வகை, நிறுவனம் தனியாக வழங்கினால் ஒழிய பொதுவாகக் கண்ணில் படாத மாயப் போகிமான்கள். செலிபி இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

தோற்றமும் இயல்பும்

செலிபி வெளிர்பச்சை நிறமுடையது. வெங்காயம் போல மேலே கூம்பிய பெரிய தலை, நுனியில் நீல நிறமுள்ள இரண்டு உணர்கொம்புகள், பெரிய கண்கள், முதுகில் சிறு இறக்கைகள் ஆகியவை இதன் அடையாளங்கள். உயரம் 0.6 மீட்டர், எடை 5 கிலோ. மனஆற்றல், புல் என்னும் இரு தன்மைகளும் இதற்கு உண்டு. உயிர்வலு, தாக்குதல், தற்காப்பு, சிறப்புத் தாக்குதல், சிறப்புத் தற்காப்பு, வேகம் ஆகிய ஆறிலும் இதன் மதிப்பு 100 வீதம் சமமாக உள்ளது.

செலிபி தோன்றும் காட்டில் புல்லும் மரமும் செழிக்கும் என்றும், அது வருங்காலத்திலிருந்து வந்து போகும் என்றும், அது வரும்வரை உலகுக்கு நல்ல எதிர்காலம் உண்டு என்றும் விளையாட்டின் குறிப்புகள் கூறுகின்றன.

இதன் பெரிய பலவீனம் பூச்சி. பூச்சித் தன்மையுள்ள தாக்குதல் செலிபியை நான்கு மடங்கு பாதிக்கும். அரியலூர் மாவட்டத்தில் உடையார்பாளையம், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பகுதிகளில் முந்திரி வைத்திருப்பவர்களுக்கு இது வியப்பாக இராது. தேயிலைக் கொசு என்னும் சிறு பூச்சி தளிரிலும் பூங்கொத்திலும் சாற்றை உறிஞ்சினால் எவ்வளவு பெரிய மரமும் அந்த ஆண்டு காய்க்காமல் போகக்கூடும்.

உபமே காடும் கரிச்சூளையும்

கோல்டு, சில்வர் விளையாட்டுகளின் கதை ஜோட்டோ என்னும் கற்பனை நிலப்பகுதியில் நடக்கிறது. இது ஜப்பானின் கான்சாய் பகுதியை மாதிரியாகக் கொண்டது. செலிபியின் இருப்பிடம் அங்குள்ள உபமே காடு. ஆங்கிலப் பதிப்பில் ஐலெக்ஸ் காடு எனப்படுகிறது. உபமே என்பது ஜப்பானில் வளரும் ஒருவகைப் பசுமைமாறா ஓக் மரம். புகையில்லாமல் நெடுநேரம் எரியும் 'பின்சோதான்' என்னும் உயர்ந்த அடுப்புக்கரி இந்த மரத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது. கான்சாய் பகுதியிலுள்ள வகாயாமா மாநிலம் இக்கரிக்குப் பெயர் பெற்றது. அதன் மாநில மரமும் உபமேதான்.

விளையாட்டிலும் இக்காட்டை ஒட்டிய அசேலியா ஊரில் ஒரு கரிச்சூளை இருக்கிறது. சூளைக்காரரின் காணாமற்போன பறவையைக் காட்டுக்குள் தேடிப் பிடித்துக் கொடுத்தால், மரம் வெட்டும் திறனை அவர் கற்றுத்தருவார். அதே காட்டின் நடுவே காட்டின் காவலருக்கென ஒரு சிறுகோயில் இருக்கிறது. மரத்தை வெட்டிப் பிழைப்பவரும் மரத்தைக் காக்கும் தெய்வமும் அக்கம்பக்கமாக வைக்கப்பட்டிருப்பது இக்கதையின் நுட்பமான பகுதி.

வாசல் திறந்த காலமும் மூடிய காலமும்

2000 டிசம்பரில் ஜப்பானில் 'போகிமான் கிரிஸ்டல்' வெளிவந்தது. கைப்பேசியைக் கேம் பாயுடன் இணைக்கும் சேவை ஒன்று 2001 ஜனவரியில் அங்கு தொடங்கியது. அதன் வழியாக ஜிஎஸ் பந்து என்னும் தனிப் பந்தைப் பெறலாம். அதை அசேலியா ஊரில் பந்து செய்யும் முதியவர் குர்ட்டிடம் கொடுத்தால், அவர் ஆராய்ந்து பார்த்து மறுநாள் திருப்பித் தருவார். அப்போது காடு அமைதியிழந்திருக்கும். பந்தைச் சிறுகோயிலில் வைத்தால் 30ஆம் நிலையிலுள்ள செலிபி வெளிப்படும்.

இந்த இணைப்புச் சேவை 2002 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. ஜப்பானுக்கு வெளியே அது நடைபெறவே இல்லை. 2001இல் ஆங்கிலப் பதிப்பை வாங்கிய சிறுவர்களின் கையிலிருந்த விளையாட்டுக்குள்ளும் கோயில் இருந்தது. செலிபி வெளிப்படுவதற்கான நிரல்கூட உள்ளே இருந்தது. பந்து மட்டும் தரப்படவில்லை. எத்தனை முறை கோயிலின் முன் நின்றாலும் ஒன்றும் நிகழவில்லை.

2018 ஜனவரி 26 அன்று நின்டெண்டோ 3டிஎஸ் கருவிக்காகக் கிரிஸ்டல் மீண்டும் வெளியிடப்பட்டபோது, விளையாட்டின் முதன்மைப் போட்டிகளை வென்ற அனைவருக்கும் அந்தப் பந்து கிடைத்தது. ஆங்கிலப் பதிப்பு வந்து ஏறத்தாழ 17 ஆண்டுகளுக்குப் பின் கோயில் திறந்தது. 2023 மார்ச் 27 அன்று 3டிஎஸ் இணையக் கடையும் மூடப்பட்டதால், இப்பதிப்பைப் புதிதாக வாங்கும் வழி இல்லாமல் போயிற்று. இந்தியாவில் 2016 டிசம்பரில் முறையாக வந்த 'போகிமான் கோ' கைப்பேசி விளையாட்டில் 2018 ஆகஸ்டு முதல் செலிபி இடம்பெற்றது. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் அதைக் கண்டது இவ்வழியில்தான்.

திரைப்படம்

2001 ஜூலை 7 அன்று ஜப்பானில் வெளியான நான்காவது போகிமான் திரைப்படம் செலிபியை மையமாகக் கொண்டது. வேட்டைக்காரனிடமிருந்து தப்பும் செலிபி, தன்னைக் காக்க முயன்ற ஒரு சிறுவனையும் சேர்த்துக்கொண்டு 40 ஆண்டுகள் முன்னோக்கி வந்துவிடுகிறது. அங்கும் ஒருவன் அதைப் பிடித்துத் தீய பந்தில் அடைக்கிறான். காத்து வந்த காட்டையே அது அழிக்கத் தொடங்குகிறது. காவல் தெய்வத்தைத் தன் உடைமையாக்கினால் காவல் அழிவாக மாறும் என்பது படத்தின் கருத்து.

ஜப்பானியக் கோயில் வனங்கள்

காட்டுக்குள் சிறுகோயில் என்பது ஜப்பானியச் சிறுவர்களுக்குப் புதிதல்ல. அந்நாட்டின் ஷிண்டோ கோயில்களைச் சுற்றி வெட்டாமல் விடப்படும் மரக்கூட்டத்தைச் 'சின்ஜு நோ மோரி' என்பர். காவல் தெய்வத்தின் காடு என்பது இதன் பொருள். 1906இல் ஜப்பானிய அரசு சிறு கோயில்களைப் பெரிய கோயில்களுடன் இணைக்க ஆணையிட்டது. கோயில் போன இடத்தில் மரங்கள் விற்கப்பட்டன. வகாயாமாவைச் சேர்ந்த இயற்கை ஆய்வாளர் மினகாதா குமகுசு இதைக் கடுமையாக எதிர்த்து, 1910இல் 18 நாள் சிறையிலும் இருந்தார். அவர் காக்கப் பாடுபட்ட காஷிமா என்னும் சிறு தீவு 1935இல் இயற்கை நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.

தமிழகக் கோயிற்காடுகளுடன் ஒப்பீடு

செலிபிக்கு நெருங்கிய தமிழ் வடிவம் கோயிற்காட்டுத் தெய்வம். ஐயனார், கருப்பசாமி, முனியப்பன், கன்னிமார் என ஊருக்கு ஊர் பெயர் மாறும். பச்சையம்மன் பெயரிலேயே பச்சை இருக்கிறது. உடையார்பாளையம் வட்டாரத்திலும் ஊரெல்லையில், ஏரிக்கரையில், மண்குதிரைகளோடு ஐயனார் கோயில்களைக் காணலாம். இத்தகைய காடுகளில் செருப்பணிந்து போகக்கூடாது, காய்ந்த சுள்ளியைக்கூட வீட்டுக்கு எடுத்துவரக்கூடாது என்பன போன்ற கட்டுப்பாடுகள் உண்டு. சோழமண்டலக் கடற்கரைப் பகுதிக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடு இன்று பெரும்பாலும் கோயிற்காடுகளாகவே எஞ்சியுள்ளது. வீரை, உலக்கைப்பாலை, காசா போன்ற மரங்களை அங்கே காணலாம். புதுச்சேரிக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீசுவரர் ஐயனார் கோயிற்காடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

இரண்டுக்கும் முக்கியமான ஒரு வேறுபாடு உண்டு. விளையாட்டில் தெய்வம் வந்தால் காடு செழிக்கிறது. கோயிற்காட்டில் மனிதர் கை வைக்காமல் இருப்பதால் காடு நிற்கிறது. தெய்வம் அந்தக் கட்டுப்பாட்டுக்குச் சாட்சி. ஆகவே பக்தி குறையாமலேயே காடு அழியக்கூடும். கூரைக்கோயில் சிமெண்டுக் கோயிலாகி, மண்டபம், சுற்றுச்சுவர், வண்டி நிறுத்துமிடம் என்று விரியும்போது முதலில் போவது மரங்கள்தான். சாமி இருக்கும், காடு இராது.

2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டம் இத்தகைய இடங்களைப் பாரம்பரியத் தலங்களாக அறிவிக்க வழிசெய்கிறது. தமிழகத்தில் முதலாவதாக மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022இலும், இரண்டாவதாகத் திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டி கோயிற்காடு 2025இலும் அறிவிக்கப்பட்டன. காசம்பட்டிக் காட்டின் பரப்பு 4.97 எக்டேர், அதாவது ஏறத்தாழ 12 ஏக்கர்.

விளையாட்டில் வழியை மறிக்கும் சிறுமரத்தை வெட்டிவிட்டு, வெளியே போய்த் திரும்பி வந்தால் அது மறுபடியும் அதே இடத்தில் நிற்கும். வீரை மரம் மிக மெதுவாக வளர்வது. அதை வெட்டியவர் மறுபடியும் அதே பருமனில் பார்க்க அவர் ஆயுள் போதாது.